எறும்பு கூட நுழையாத கதவுகள்

“அக்கா, ஏழு போச்சு!”

ஜெனிஃபர் போட்ட சத்தத்தில் என் கையிலிருந்த டீ புடவையில் கொட்டியது. ஏழாம் நம்பர் மேசையின் திரை கறுத்துப்போயிருந்தது. நான் எழுந்து போவதற்குள் பதினொன்று அணைந்தது. அடுத்தது பன்னிரண்டு. பிறகு எதிர் வரிசையில் பத்தொன்பதும் இருபதும் பேசி வைத்துக்கொண்டதுபோல ஒன்றாக அணைந்தன.

சிதம்பரம் மேல வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்து. மருந்துக்கடைக்கு மேலே மாடியில் ஒரு நீள ஹால். இருபத்து நாலு மேசை, இருபத்து நாலு கம்ப்யூட்டர். எல்லாவற்றையும் முதல்முறையாகச் சேர்த்துப் போட்டு ஓடவிட்டு முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கரண்ட் இருக்கிறது. ஏசி ஜில்லென்று ஓடுகிறது. வெளியே சித்திரை வெயில் கொளுத்துகிறது, உள்ளே எனக்குக் கை விறைக்கிறது. ஆனால் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாக மயக்கம் போட்டு விழுகின்றன.

என் வீட்டுக்காரர் ஆறுமுகம் ஏழாம் நம்பர் மேசைக்குக் கீழே குனிந்து, சாவி போட்டுக் கதவைத் திறந்தார். உள்ளே கையை விட்டவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

“அடுப்பாட்டம் கொதிக்குது செல்வி.”

அந்த மேசைகளைச் செய்தது எங்கள் பட்டறை. கதவுகளை வரைந்தது நான். அதைப் பற்றி ஊரெல்லாம் பீற்றிக்கொண்டதும் நான்தான்.

சனிக்கிழமை வருகிறார்

இந்த வாரம்தான் முதல்முறையாக இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறீர்கள் என்றால் ஒரு வார்த்தை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் நானும் அவரும் சேர்ந்து மரச்சாமான் பட்டறை நடத்துகிறோம். பிளைவுட் அறுப்பது, கீல் வைப்பது, வாயை மூடிக்கொண்டு இருப்பது அவர் வேலை. படம் வரைவது, ஆர்டர் பிடிப்பது, வாய் கொடுத்து மாட்டிக்கொள்வது என் வேலை.

ஜெனிஃபர் ஆர்டர் கொடுக்க வந்து, ரெண்டே மாதத்தில் தங்கச்சியாகிவிட்டவள். காட்டுமன்னார்கோயில் பக்கத்துப் பெண். அவளுடைய அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போய் அவளைக் கம்ப்யூட்டர் படிக்க வைத்தார்கள். படித்து முடித்து, கம்ப்யூட்டரில் பரீட்சை நடத்தும் சென்டர்களில் பன்னிரண்டு வருஷம் அடுத்தவர்களிடம் வேலை பார்த்தாள். பிறகு அந்த வேலையை விட்டுவிட்டுத் தானே சொந்தமாக ஆரம்பித்த சென்டர்தான் இந்த மாடி ஹால்.

சொந்த சென்டர் என்றால் போர்டு மாட்டினால் போதாது. பரீட்சை நடத்தும் கம்பெனியிலிருந்து ஒரு அதிகாரி வருவார். இருபத்து நாலு கம்ப்யூட்டரும் மூன்று மணி நேரம் ஒன்றுகூட நிற்காமல் ஓட வேண்டும். எழுத வருகிறவர்கள் எதையும் சொருகவோ பிடுங்கவோ முடியாதபடி, சிபியு பெட்டி மேசைக்குள் பூட்டியே இருக்க வேண்டும். ஒன்று நின்றாலும் அனுமதி கிடையாது. மறுபடி கேட்க ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும்.

அதிகாரி வருவது சனிக்கிழமை காலை. ஏழாம் நம்பர் அணைந்தது புதன்கிழமை மத்தியானம்.

“கதவத் தெறந்து வச்சா ஓடுது பாரு ஜெனி” என்றேன், அசட்டு நம்பிக்கையோடு.

“தெறந்து வச்சா ஓடும்க்கா. பூட்டுனா ஓடணும். அதான ரூலு?” அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைக்குத்தான் ஒரு பழைய கதையைச் சொன்னாள். வேறு ஊர், வேறு சென்டர். கம்மாபுரத்திலிருந்து விடியற்காலை பஸ் ஏறி ஒரு பெண் பரீட்சை எழுத வந்திருக்கிறாள். பாதியில் அவள் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. வேறு மேசைக்கு மாற்றி, எல்லாம் திரும்ப வருவதற்குள் இருபது நிமிஷம் போய்விட்டது. போன நேரத்தைத் திருப்பித் தர முடியாது என்று மேலே சொல்லிவிட்டார்கள். அதை அந்தப் பெண்ணிடம் போய்ச் சொல்ல வேண்டிய ஆள் ஜெனிஃபர்.

“அழுதிருந்தாகூட தேவலக்கா. அந்தப் பொண்ணு ‘பரவால்ல மேடம்’னு சொல்லிட்டு மிச்சத்த எழுத ஒக்காந்துச்சு. அந்த மூஞ்சி இன்னும் என் கண்ணுலயே நிக்கிது. நம்ம சென்டர்ல அப்பிடி ஒருத்தருக்கும் ஆவக் கூடாதுன்னுதான் இத ஆரம்பிச்சேன். இப்ப பாருங்க, ஒண்ணு இல்ல, அஞ்சு போச்சு.”

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தப்பு என் மேசையில் இருக்கிறது என்று தெரிந்தது. என்ன தப்பு என்று தெரியவில்லை.

உப்புக்காற்றில் வளர்ந்தவள்

என்ன தப்பு என்று சொல்வதற்கு முன்னால் என் பக்க நியாயத்தையும் கேளுங்கள். கடலூரில் வளர்ந்தவர்களுக்கு ஒரு குணம் உண்டு. எதைக் கண்டாலும் மூடுவோம். கடல்காற்று எந்தச் சாமானையும் சும்மா விடாது. புது சைக்கிள் வாங்கினால் ஆறே மாதத்தில் கம்பியெல்லாம் காவி பூக்கும். ஜன்னல் கொண்டியைக் கழற்ற உளி தேவைப்படும். எங்கள் வீட்டில் டிவிக்குப் பூப்போட்ட உறை, ரேடியோவுக்கு உறை, தையல் மெஷினுக்கு உறை, அந்த உறை அழுக்காகாமல் இருக்க அதற்கு மேலே ஒரு பிளாஸ்டிக் தாள்.

நான் கல்யாணத்துக்கு முன்னால் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன். அங்கே முதல் கம்ப்யூட்டர் வந்தபோது அதற்குத் தனி ரூம், தனி ஏசி. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆயுத பூஜைக்கு அதன் முதுகிலிருந்த ஓட்டை வரிசையைப் பார்த்து, ‘தூசி போயிடப் போவுது’ என்று பியூன் அக்கறையாகச் சந்தனத்தைக் குழைத்து ஒவ்வொரு ஓட்டையாக அடைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. நானும் கைதட்டினேன். மறுநாள் அது ஓடவில்லை. சாமி குத்தம் என்று பேசிக்கொண்டார்கள்.

அப்படிப்பட்ட ஊர்க்காரி கம்ப்யூட்டர் மேசை வரைந்தால் எப்படி வரைவாள்? நாலு பக்கமும் பிளைவுட். கதவு ஓரத்தில் ரப்பர் பட்டை. வயர் போகிற ஓட்டையில்கூடக் கோந்து. உப்புக்காற்று போகாது, எலி போகாது, தூசி போகாது. பட்டறை வாசலில் ஒரு மாதிரி மேசையை வைத்து, ‘எறும்பு கூட நுழையாது’ என்று நானே பெயின்டில் எழுதி மாட்டியிருந்தேன். அதைப் படித்துவிட்டுத்தான் ஜெனிஃபர் பட்டறைக்குள்ளேயே வந்தாள்.

அவளுக்காகச் செய்த கதவுகளோ என் உயிர். ஒரு வரிசைக்குப் பன்னிரண்டு கதவு. தேக்கு நிற லேமினேட். முதல் கதவில் ஆரம்பிக்கிற மர ரேகை அறுபடாமல் பன்னிரண்டாம் கதவு வரைக்கும் ஓடும். அதைப் பொருத்த அவர் நாலு நாள் என்னிடம் திட்டு வாங்கினார்.

ரைஸ்மில்லில் பிரசவம்

எனக்கு முன்னாலேயே ஒரு எச்சரிக்கை வந்தது. அதை நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

முந்தின வருஷம் காட்டுமன்னார்கோயிலில் ஒரு ரைஸ்மில்லுக்கு இதே மாதிரி ஒரு மேசை செய்து கொடுத்திருந்தோம். உமித் தூசிக்குப் பயந்து கேட்டு வாங்கினார்கள். கொஞ்ச நாளில் மில் முதலாளியிடமிருந்து போன்.

“மேடம், உங்க டேபுள்ல குட்டி போட்ருச்சு மேடம்!”

“என்னா சார் சொல்றீங்க?”

“பூனை மேடம்! கதவு சாத்தாம இருந்திருக்குது. உள்ள பூந்து மூணு குட்டி! எங்க தூக்கி வுட்டாலும் திரும்பி அங்கயேதான் போவுது. உள்ள கதகதன்னு இருக்குதுல்ல? வெளிய வர மாட்டேங்குது!”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன். என் மேசை பூனைக்குப் பிரசவ வார்டு ஆகிவிட்டது என்று பெருமை வேறு. உள்ளே ஏன் அவ்வளவு கதகதப்பு என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால், ஜெனிஃபர் தரையில் உட்கார வேண்டியிருந்திருக்காது. யோசிக்கவில்லையே! பூனைக்கு இருந்த புத்தி எனக்கு இல்லை.

முதுகில் வைத்த ஃபேன்

புதன்கிழமை சாயங்காலமே என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

“மூச்சு வுட வழியில்ல செல்வி. முன்னாடி கதவுல கீழ ஓட்டை போடுவோம். பின்னாடி மேல ஒரு சின்ன ஃபேன் வச்சி சூட்ட வெளிய தள்ளுவோம்.”

“ஃபேன் வை மாமா. கதவுல கைய வச்சே, அவ்ளோதான் சொல்லிட்டேன்.”

“அப்ப காத்து எங்கேர்ந்து உள்ள போவும்?”

“அந்த ஓட்டையயும் பின்னாடியே போடு. முதுகுல எத்தினி ஓட்டை வேணா போட்டுக்க. யாரு பாக்கப் போறா?”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். அந்த மனுஷனுக்கு அன்றைக்கென்று பார்த்து என்ன பொறுமை வேண்டிக்கிடந்தது?

வியாழக்கிழமை முழுக்க அதே வேலை. ஒவ்வொரு மேசையின் முதுகிலும் மேலே ஒரு கையகல ஃபேன், சூட்டை வெளியே தள்ள. அதற்கு ஒரு சாண் கீழே எட்டு ஓட்டை, காற்று உள்ளே வர. ரெண்டு வரிசை மேசைகளும் முதுகோடு முதுகாக நிற்கும். நடுவில் நாலு விரற்கடை இடைவெளி. அத்தனை ஃபேனும் அந்தச் சந்தில் ரீங்காரம் போட்டன. ஒரு மணி நேரம் தாண்டியது. ஒன்றும் அணையவில்லை. நான் ஜெனிஃபரைக் கட்டிப் பிடித்து ஒரு சுற்று சுற்றிவிட்டேன்.

ஒன்றே கால் மணிக்குப் பதினொன்று போனது. ஒன்றரை மணிக்குள் எட்டு மேசை காலி.

நேற்று அஞ்சு, இன்றைக்கு எட்டு. ஜெனிஃபர் மேசைக்கு மேசை போய் ஒவ்வொன்றாக அணைத்தாள். பன்னிரண்டு வருஷமாகச் செய்த வேலை, கை தானாகப் போகிறது.

வெள்ளிக்கிழமைப் புகை

எங்கள் பக்கத்துக் கடைத்தெருக்களில் வெள்ளிக்கிழமை என்றால் சாம்பிராணி பாய் வருவார். சட்டியில் தணல், தோளில் பை, கையில் மயிலிறகு. கடை கடையாக ஏறி, கல்லாவுக்கும் மூலைக்கும் புகை காட்டிவிட்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார். எந்தச் சாமி கும்பிடுகிற கடையாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை பத்து மணி வாக்கில், எல்லா மேசையையும் மறுபடி ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கீழே மருந்துக்கடையை முடித்துக்கொண்டு மாடி ஏறி வந்தவர் பெயர் சாதிக். முப்பது வயசு இருக்கும். கழுத்தில் ஹெட்போன், வாயில் ஓயாத பேச்சு.

“புது கடையா? சொல்லவே இல்ல பாத்தீங்களா! பிஸ்மில்லா!” என்று உள்ளே வந்துவிட்டார்.

“பாய், கம்ப்யூட்டர் இருக்குது, பொகை வேணாம் பாய்” என்று ஜெனிஃபர் பதறினாள்.

“அப்பிடிச் சொல்லாதீங்கம்மா. கம்ப்யூட்டர் வச்சிருக்கிறவங்களுக்குத்தான் கண்ணு ஜாஸ்தி.”

எனக்கு இருந்த எரிச்சலில் அவரை மாடிப்படியில் உருட்டிவிட்டிருப்பேன். அதற்குள் அவர் ஏழாம் நம்பர் மேசைக்கு முன்னால் குனிந்து, கதவுக்கு நேராகச் சட்டியை நீட்டி விசிறினார். புகை கதவில் முட்டி, நேராக மேலே ஏறிப் போனது. அவர் மறுபடி விசிறினார். மறுபடியும் மேலே போனது.

“என்னாக்கா இது? ஒங்க மேசை பொகைய வாங்கவே மாட்டேங்குது! பாதிப் பொகை காட்டிட்டுப் போனேன்னு நாளைக்கு நீங்களே பேசுவீங்க. இருங்க, பின்னாடி போய்க் காட்டுறேன்.”

தொழிலில் அவ்வளவு ரோஷம்! வரிசையின் கடைசிக்குப் போய், ரெண்டு வரிசைக்கும் நடுவிலிருந்த அந்த நாலு விரற்கடைச் சந்துக்குள் சட்டியைக் காட்டி ஒரு வீசு வீசினார்.

நான் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் கண்ணாலேயே பார்த்தேன். புகை சந்துக்குள் சரசரவென்று இழுபட்டுப் போனது. போன புகை கீழே இருந்த ஓட்டைகளில் சர்ரென்று நுழைந்தது. ரெண்டே நொடியில் மேலே ஃபேன் வழியாக வெளியே வந்தது. வந்த புகை எங்கேயும் போகவில்லை. சந்துக்குள்ளேயே புரண்டு, கீழே இறங்கி, எதிர் மேசையின் ஓட்டைக்குள் நுழைந்தது. அது துப்பியதை இது குடித்தது. இது துப்பியதை அது குடித்தது!

“மாமா! டார்ச்! டார்ச் கொண்டா!”

அவர் தரையில் குப்புறப் படுத்துச் செல்போன் வெளிச்சத்தைச் சந்துக்குள் அடித்தார். நான் அவருக்குப் பக்கத்தில், புடவையோடு தரையில். ஜெனிஃபர் எங்கள் ரெண்டு பேர் தலைக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

“சுத்திச் சுத்தி அதே காத்துதான் செல்வி” என்றார் அவர். “ஏசிக் காத்து ஒரு சொட்டுகூட உள்ள போவல. சூட்டத்தான் திரும்பத் திரும்பக் குடிக்கிது.”

“பாய்! இன்னொரு தடவ போடுங்க!”

“எத்தினி தடவ வேணா போடுறேன். நீங்க ஏன் தரையில கெடக்குறீங்க?”

ஒவ்வொரு மேசைக்கும் முன்னால் ஒரு வீசு, பின்னால் ஒரு வீசு. நாங்கள் மூன்று பேரும் அவர் பின்னாலேயே ஓடினோம். என் வீட்டுக்காரருக்குத் தும்மல், எனக்கு இருமல், ஜெனிஃபர் கண்ணில் தண்ணீர். கடைசியில் ஏழாம் நம்பர் கதவை மட்டும் ஒரு விரல் அளவு திறந்து வைத்து, முன்னால் புகை காட்டச் சொன்னேன். ஆகா! புகை கதவு இடுக்கில் நூல் பிடித்தாற்போல உள்ளே போனது! பின்னால் மேலே பெருகி வெளியே வந்தது!

நான் கைதட்டிக் குதித்தேன். குதித்து முடித்ததும்தான் உறைத்தது. அப்படியானால் கதவை வெட்ட வேண்டும்.

என் கையாலேயே

சாதிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போனார். என் வீட்டுக்காரர் தன் பாட்டுக்குப் பையிலிருந்து ஹோல்சாவை எடுத்து டிரில்லில் மாட்டினார். பலகையில் ரூபாய்க் காசு மாதிரி வட்டமாக வெட்டி எடுக்கிற பல்வட்டம் அது. மாட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். ஜெனிஃபர் கதவுகளைப் பார்த்தாள். முதல் கதவிலிருந்து பன்னிரண்டாம் கதவு வரை ஓடுகிற அந்த ரேகை!

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. யார் மேல் என்று கேட்டால், என் மேல்தான். புதன்கிழமையே இந்த மனுஷன் சொன்னார். அழகு கெட்டுவிடும் என்று ரெண்டு நாளை வீணாக்கினேன். ஒரு பெண்ணுடைய பன்னிரண்டு வருஷத்தை என் கதவுக்காகப் பணயம் வைத்திருக்கிறேன்.

“குடு மாமா இங்க.”

“நான் போடுறேன் வுடு.”

“என் கதவு. நானே போடுறேன்.”

முதல் ஓட்டை கோணிக்கொண்டது. லேமினேட் துண்டு வட்டமாக என் காலடியில் விழுந்தது. ரெண்டாவது கொஞ்சம் நேராக வந்தது. ஆறாவது ஓட்டை போடும்போது கை பழகிவிட்டது. ஒரு கதவுக்குக் கீழ்ப்பக்கமாக ரெண்டு வரிசை, வரிசைக்கு ஆறு.

நான் போடப் போட, அவர் உள்பக்கம் கம்பிவலை அடித்துக்கொண்டே வந்தார். தூசிக்கும் எலிக்கும் பயந்து நான் கொசுவலை போடச் சொன்னேன்.

“கொசுவலை வாணாம். கண்ணு சின்னது, ஒரு மாசத்துல தூசி அடைச்சிக்கும். எலி தலை நொழையாத வலை போதும்.”

இந்தத் தடவை நான் எதிர்த்துப் பேசவில்லை. மேசைகளின் முதுகில் இருந்த பழைய ஓட்டைகளையெல்லாம் ஜெனிஃபர் பலகைத் துண்டு வைத்து அடைத்தாள். பிறகு மூன்று பேரும் தம் பிடித்து ரெண்டு வரிசைகளையும் நகர்த்தி, நடுவில் ஒரு முழம் இடம் விட்டோம். சூடு மேலே ஏறிப் போக வேண்டுமே. ஒரு மேசையில் மூன்று பேரும் கை வைத்து ‘ஐலசா’ போட்டதில் கீழே மருந்துக்கடைக்காரர் பயந்துபோய் ஏறி வந்து பார்த்தார்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வேலை முடிந்தது. தரையெங்கும் தேக்கு நிற வட்டங்கள். கதவுகளைப் பூட்டி, எல்லாவற்றையும் போட்டோம். திரையில் ஒவ்வொரு கம்ப்யூட்டரின் சூடும் நம்பராகத் தெரியும்படி ஜெனிஃபர் வைத்திருந்தாள். நம்பர் ஏறியது, ஏறியது, ஓரிடத்தில் நின்றது. ரெண்டு மணி நேரம் பார்த்தோம். அசையவில்லை.

“இப்ப நம்பறதா, வாணாமாக்கா?” என்றாள் ஜெனிஃபர்.

எனக்கும் தெரியவில்லை. வியாழக்கிழமை நம்பித்தானே கட்டிப் பிடித்துச் சுற்றினேன்!

ஏசியை நிறுத்துங்க

சனிக்கிழமை வந்த அதிகாரி ஒல்லியான ஆள். சிரிப்பது தன் வேலையில் சேராது என்பதுபோல ஒரு முகம். பூட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஆரம்பிக்கச் சொன்னார்.

முதல் மணி நேரம் போனது. நான் ஏழாம் நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரெண்டாவது மணி நேரமும் போனது. அப்போது அந்த மனுஷன் நிதானமாக எழுந்தார்.

“ஏசிய நிறுத்துங்க.”

“சார்?”

“எக்ஸாம் நடுவுல ஏசி ரிப்பேர் ஆயிட்டா? அரை மணி நேரம் நிறுத்துங்க, பாக்கலாம்.”

ஜெனிஃபரின் கை கழுத்துச் சிலுவைக்குப் போனது. என் வீட்டுக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நான் என்ன செய்தேன் என்று எனக்கே ஞாபகமில்லை. முருகனிலிருந்து வேளாங்கண்ணி மாதா வரைக்கும் யாரையும் விட்டுவைக்கவில்லை என்று பிறகு அவர் சொன்னார்.

சித்திரை மாதம், பன்னிரண்டு மணி, மொட்டை மாடிக்குக் கீழே ஹால். பத்து நிமிஷத்தில் எல்லோருக்கும் சட்டை நனைந்தது. திரையில் நம்பர்கள் ஏறின. பதினைந்து நிமிஷம். இன்னும் ஏறின. வியாழக்கிழமை அணைந்த அளவுக்குப் பக்கத்தில் போய், அதற்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டன. இருபத்து நாலும் ஓடின. அதிகாரி மேசைக்குப் பின்னால் போய் ஒரு ஃபேனுக்கு நேராகக் கையை வைத்தார். முன்னால் வந்து, குனிந்து, ஓட்டைகளுக்கு நேராக ஒரு தாளைப் பிடித்தார். தாள் பச்சக்கென்று கதவில் ஒட்டிக்கொண்டது.

“கதவுல இந்த ஓட்டைங்க...?”

“டிசைன் சார்!” என்றேன். பின்னால் என் வீட்டுக்காரர் இருமினார். அது சாம்பிராணி இருமல் இல்லை.

அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டுப் படியிறங்கினார். அவர் செருப்புச் சத்தம் ஓயும்வரை நாங்கள் மூச்சு விடவில்லை. அப்புறம் போட்ட கூச்சலில் மருந்துக்கடைக்காரர் மறுபடியும் ஏறி வந்தார்.

முதல் பரீட்சை

அதோடு முடித்திருக்கலாம். ஆனால் எனக்கு நிலை கொள்ளவில்லை. ஜெனிஃபரின் சென்டரில் முதல் பரீட்சை நடந்த அன்று, கீலுக்கு எண்ணெய் விட வேண்டும் என்று ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு கடலூரிலிருந்து பஸ் ஏறினேன். உள்ளே விடவில்லை. சந்தில் எதிர்க்கடை நிழலில் நின்றுகொண்டேன். மேலே ஜன்னலில் அவ்வப்போது ஜெனிஃபரின் தலை தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் முகம் எப்படி இருக்கிறது என்று எட்டி எட்டிப் பார்த்தேன்.

மூன்று மணி நேரம். பிறகு படியில் தடதடவென்று சத்தம். பையன்களும் பெண்களுமாக இறங்கி வந்தார்கள். நான் கூட்டத்துக்குள் புகுந்து காதைத் தீட்டிக்கொண்டேன்.

“கணக்கு செம கஷ்டம்டி!”

“எனக்கு கடைசி பத்து பாக்கவே டைம் இல்ல.”

“எனக்கு டைம் இருந்துச்சு, விடைதான் இல்ல!”

“ஏய், பசிக்கிதுடா, வா போலாம்.”

அவ்வளவுதான். இருபத்து நாலு பேரும் கணக்கைத் திட்டிக்கொண்டே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்விட்டார்கள்.

ஜெனிஃபர் படிகளில் ரெண்டு ரெண்டாகத் தாவி இறங்கி வந்தாள். நடுத்தெரு என்றும் பார்க்காமல் என் ரெண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

“கேட்டீங்களாக்கா? ஒருத்தராவது கம்ப்யூட்டரப் பத்திப் பேசுனாங்களா? ஒருத்தர் கூடப் பேசலக்கா! எல்லாம் கணக்கத்தான் திட்டுதுங்க!”

ஆமாம், ஒருத்தர் கூடப் பேசவில்லை. என் கதவுகளையும் ஒருத்தர் கூடத் திரும்பிப் பார்த்திருக்கவில்லை. வேறொரு நாளாக இருந்தால் அதற்காகவே ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன். அன்றைக்கு அந்தச் சந்தில் நின்று, அவளைவிடச் சத்தமாக நான் அழுதேன்.

மஞ்சக்குப்பத்துக்குத் திரும்பியதும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பட்டறை வாசலிலிருந்த மாதிரி மேசைக்கு முன்னால் போய் நின்று, ‘எறும்பு கூட நுழையாது’ போர்டைக் கழற்றிக் கீழே வைத்தேன்.

“மாமா, டிரில்ல எடுத்தா!”

அவர் ஏற்கெனவே ஹோல்சாவை மாட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.